லண்டன் ஆடு

அத்தியாயம் 6

காப்பார் என்ற ஊரில் தம்புசாமியின் கொட்டகையில் நாற்பத்தோரு மாடுகள் நின்றன. நாற்பத்தொன்றும் சீதாலெட்சுமியையே பார்த்தன.

“பாஸ், என்னைப் பொண்ணு பார்க்க வந்தவன்கூட இப்படி உத்துப் பார்த்ததில்ல லா,” என்றாள் அவள். “இதுல ஏதாச்சும் ஒண்ணு சம்மதம்னு தலையாட்டுச்சுன்னா நான் இங்கயே தங்கிடுறேன்.”

துப்பறிவாளர் வேலாயுதம் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்தபோது சிரிப்பையும் அதோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டார் என்பது சீதாலெட்சுமியின் கட்சி. அவள் பதினோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியவள். போன வருஷம் அவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்ததிலிருந்து, கேட்டுச் சேர்த்ததையெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வருகிற மாதிரி இல்லை. மூன்று வாரமாக நாட்டையே மூடிக் கிடந்த காட்டுத்தீப் புகைமூட்டத்தில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த செம்பனை மரங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தம்புசாமி முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, தீவன மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

“இது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. இது தேங்காய்ப் புண்ணாக்கு. இது தவ்ஹு ஃபேக்டரியில இருந்து வர்ற சோயாச் சக்கை. மோந்து பாருங்க சார். இதைவிட்டா புல்லுதான்.”

“எலும்புத் தூள் கலந்த தீவனம் எப்பவாவது வாங்கினீங்களா?”

“ஒருத்தன் கொண்டாந்தான், எட்டு வருஷம் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு, பால் கொட்டும்னான். மூட்டையில என்னடான்னு கேட்டேன். செத்த மாட்டோட எலும்பு, சதை, கழிவு எல்லாத்தையும் காய வச்சு அரைச்சதுன்னான். மாட்டுப் பொங்கலன்னிக்கு இதுங்களை விழுந்து கும்பிடுறவன் நான். அதுங்களுக்கு அதுங்க ஆத்தாளையே அரைச்சுப் போடச் சொல்றியான்னு கேட்டு அனுப்பிட்டேன்.”

வேலாயுதம் அதைக் குறித்துக்கொண்டார். தம்புசாமி மூட்டையின் வாயைத் திருப்பிக் கட்டினார்.

“என் மக விடிஞ்சதும் பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போயிட்டா சார். அவ மாமியார் வீட்டுக் கேட்டுக்கு வெளிய போய் நிப்பா. சாயங்காலம் திரும்பி வருவா. இருபத்து மூணு நாளா இதான் அவளுக்கு வேலை.”

அந்த மகள்தான் சந்திரகலா. இரண்டு நாளைக்கு முன்னால் வேலாயுதத்தின் ஆபீஸ் படியேறி வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசியவள்.

கதை இதுதான். சந்திரகலாவின் புருஷன் நாச்சியப்பன், வயசு முப்பத்தொன்று, லண்டனில் படித்துவிட்டு வந்த வக்கீல். நகரத்தார் வீட்டுப் பிள்ளை மாட்டுக்காரர் மகளைக் கட்டிக்கொண்டதில் அவன் தாயார் மெய்யம்மை ஆச்சிக்கு மருமகளோடு ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இந்த வருஷ ஆரம்பத்தில் அவன் காரணமில்லாமல் அழுதான். பிறகு நேராக நடக்க முடியாமல் கால் பின்னியது. பிறகு ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டான். இப்போது பேச்சே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டுச் சொன்ன நோய், வெள்ளைக்காரன் ஊரில் மாடுகளுக்கு வந்து, மாட்டைத் தின்றவர்களுக்கும் வந்த நோய். மாட்டுக்கே மாட்டை அரைத்துப் போட்டதில் அங்கே ஆரம்பித்தது. மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். உடம்புக்குள் போய்ப் பத்து வருஷம்கூடச் சத்தமில்லாமல் கிடக்கும். கிடக்கும்போது கண்டுபிடிக்க டெஸ்ட் இல்லை. கிளம்பிவிட்டால் மருந்து இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், இன்னும் ஒரு மாசம் இருந்தால் அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் சொன்னதில் ஆச்சியின் காதில் விழுந்தது ‘மாடு’ என்ற ஒரு சொல்தான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டாள். மாட்டுக்காரன் மகள்தான் என்னத்தையோ ஆக்கிப் போட்டுப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று, மகனைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டைப் பூட்டிவிட்டாள். பாலில் இந்த நோய் வராது என்று டாக்டர் சொன்னதும் ஏறவில்லை. ‘என் பிள்ளைக்கு மாட்டைக் கொடுத்தது யாருன்னு பேரோட வந்து சொல்லு, அப்புறம் உள்ள வா’ என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள். விளக்கேற்றும்போதெல்லாம் ஒரு சாபமும் விட்டாள். கொடுத்த கை வெளங்காமப் போகணும்.

“கேஸ் வேணாம், கோர்ட்டு வேணாம் சார்,” என்று சந்திரகலா சொல்லியிருந்தாள். “அதுக்கெல்லாம் நாள் இல்ல. அவருக்கு நகம் வளர்ந்திருக்கும். எப்பவும் நான்தான் வெட்டி விடுவேன். பக்கத்துல உட்காரணும், அவ்வளவுதான்.”

அதைக் கேட்டபிறகு சீதாலெட்சுமி அன்று முழுக்க ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

“ஆக, மாடு நிரபராதி,” என்றாள் இப்போது, காரில் ஏறியதும். “நாற்பத்தோரு பேரையும் விடுதலை பண்ணிட்டோம். அடுத்து யாரு பாஸ்?”

“நம்ம கையில இருக்கிறது ஒரே ஆள். கிள்ளான் பாலன்.”

பாலனைக் காட்டிக் கொடுத்தது நாச்சியப்பனின் தங்கை உமையாள். இருபத்திரண்டு வயசு, யூனிவர்சிட்டியில் கடைசி வருஷம். தாயாருக்குத் தெரியாமல் பப்ளிக் போனிலிருந்து பேசினாள். ‘அண்ணன்கூட லண்டன்ல ஒரே வீட்டுல இருந்தவரு. ஆத்தாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அத்தனை வருஷமும் அங்க அண்ணன் என்ன சாப்பிட்டான்னு அவருக்குத்தான் தெரியும். அண்ணி பாவம் அங்கிள், சீக்கிரம் பாருங்க.’

பாலனின் ஆபீஸ் கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானா என்ற தெருவில், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடி. ஆள் வாட்டசாட்டம். மேசைமேல் கேஸ் கட்டுகளைவிடப் பத்திரிகைத் துண்டுகள் அதிகமாக இருந்தன. எல்லாம் அந்த மாட்டு நோயைப் பற்றித்தான்.

“நீங்க வருவீங்கன்னு தெரியும் சார்,” என்றார். “நாச்சிக்கு நான்தான் மாட்டுக்கறி ஊட்டிவிட்டேன்னு ஆச்சி சொல்லியிருப்பாங்க.”

“ஊட்டினீங்களா?”

“நான் தின்னேன். நாலு வருஷம். பர்கர், பை, சாசேஜ், எது மலிவோ அது. நியாயப்படி படுத்திருக்க வேண்டியவன் நான். கார் சாவியை எங்க வச்சேன்னு மறந்துட்டாக்கூட அன்னிக்குத் தூக்கம் போச்சு.”

“கார் சாவியை மறக்கிறது நோய் இல்ல லா அண்ணே,” என்றாள் சீதாலெட்சுமி. “அப்படிப் பார்த்தா எங்க வேலாயுதம் சார் என்னிக்கோ செத்திருக்கணும்.”

பாலன் லேசாகச் சிரித்தார். மனம் கொஞ்சம் இளகியது போலிருந்தது.

“நாச்சி தொட்டதே இல்லைங்க. சாமி மேல ஆணை. பிஸ்கட் வாங்கினாக்கூடப் பெட்டியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான்னு படிப்பான். மாட்டுக் கொழுப்பு இருந்தா எனக்குக் கொடுத்துடுவான். ரொட்டி, முட்டை, பருப்பு, இதுதான் அவன் சாப்பாடு. வாரத்துல ஒரு நாள் கோழி. ஆச்சி வந்த மூணு மாசம்தான் நல்லாச் சாப்பிட்டான்.”

“ஆச்சி லண்டனுக்கு வந்தாங்களா?”

“எண்பத்தேழுல, பத்து வருஷம் ஆச்சு, கடைசிப் பரீட்சைக்கு. பிள்ளை இளைச்சுட்டான்னு எவனோ சொல்லிட்டான். எவர்சில்வர் சட்டி, டம்ளர், அம்மிக்கல் முதற்கொண்டு கட்டிட்டு வந்துட்டாங்க. எங்களுக்கெல்லாம் முட்டைக் குழம்பு. அவனுக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் ஆட்டு மூளை வறுவல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மூளை கொடுத்தா மூளை வளருமாம். ஒரு வாய் கேட்டேன். உன் ஆத்தாவை வந்து ஆக்கிப் போடச் சொல்லுன்னுட்டாங்க. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

சொல்லிவிட்டு அவர் அலமாரியிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு சின்னச் சமையலறை. அடுப்புக்கு முன்னால் கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை கட்டிய ஆச்சி, வாயெல்லாம் பல்லாக. கையில் ஒரு தட்டு. தட்டில் மஞ்சள் தடவி, வேகவைக்கத் தயாராக முழு மூளை. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். படத்தின் ஓரத்தில் யாருடைய சடையோ ரிப்பனோடு பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

“மூளை கிடைச்ச சந்தோஷத்தைப் பாருங்க,” என்றார் பாலன்.

வேலாயுதம் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார். சீதாலெட்சுமி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டு போய் வைத்துக்கொண்டு பார்த்தாள். முதலில் டம்ளரைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, அதைப் பார்த்தாள்.

“இந்தப் படத்தைக் கொஞ்சம் கொடுக்கிறீங்களா அண்ணே?” என்றாள்.

ஃபெடரல் ஹைவேயில் வேலாயுதத்தின் பழைய சாகா கார் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. சுபாங் தாண்டுகிற வரைக்கும் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவருக்கே பயமாகிவிட்டது.

“என்ன, உடம்பு சரியில்லையா? கிள்ளான்லேர்ந்து நீ ஒரு வார்த்தை பேசல. எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு.”

“பாஸ், நீங்க எப்பவாவது பாசார்ல ஆட்டு மூளை வாங்கியிருக்கீங்களா?”

“நான் வெங்காயமே வாங்கினதில்ல.”

“அதான் உங்களுக்குத் தெரியல. எங்க அக்கா மகன் பரீட்சைக்கு நான் எத்தனை தடவை வாங்கியிருக்கேன் தெரியுமா.” அவள் உள்ளங்கையைக் குவித்தாள். “ஆட்டு மூளை இதுக்குள்ள அடங்கிடும். வதக்கினா இன்னும் சுருங்கும். ஒரு ஆளுக்குக் காணாது. இந்தப் படத்துல பாருங்க. டம்ளர் பக்கத்துலயே இருக்கு. டம்ளரைவிட ரெண்டு பங்கு அகலம். தட்டு முழுக்க இருக்கு. இது ஆட்டோட மூளை இல்ல பாஸ்.”

வேலாயுதம் படத்தை வாங்கவில்லை. சிக்னல் போட்டுக் காரை ரோட்டோரம் நிறுத்தினார். லோரிகள் காரை ஆட்டிவிட்டுப் போயின.

“எண்பத்தேழு,” என்றார் கடைசியில். “பாலன் மேசையில கிடந்த பேப்பர்ல படிச்சேன். மாட்டு மூளையை அங்க விக்கக்கூடாதுன்னு தடை போட்டது எண்பத்தொன்பதுலதான். மாடு முழுக்க இருக்கிற விஷத்துல மோசமானது மூளையிலதான் இருக்காம். எத்தனை கொதிக்க வச்சாலும் சாகாதாம்.”

“நாலு வருஷம் பர்கர் தின்னவன் கல்லு மாதிரி இருக்கான். மாட்டையே தொடாதவன்...” என்றாள் அவள்.

“இதை நிரூபிக்க முடியாது சீதா. இந்தத் தட்டுதான்னு எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார்.”

“கோர்ட்டுக்கு வேணாம் பாஸ். நமக்குத் தெரிஞ்சுபோச்சே.”

தெரிந்துபோயிற்று. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியாயிற்று. பேர் கேட்டாளே ஆச்சி, பேர் கிடைத்துவிட்டது. கொண்டு போய்க் கொடுத்தால் சந்திரகலாவுக்குக் கதவு திறக்கும். கொடுத்த அன்றே ஒரு தாய் உயிரோடு செத்துப் போவாள். இதற்குத்தானா இத்தனை அலைச்சல் என்று நினைத்த சீதாலெட்சுமி படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“கேட்டுக்கோ,” என்றார் வேலாயுதம். “அங்க நான் ஒரு பொய் சொல்லப்போறேன். நீ வாயைத் திறக்காதே. உன்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல. இதை மட்டும் கேக்குறேன்.”

“சரி பாஸ்,” என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள்.

பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் பெரிய ஸ்டேஷன் கட்டுவதற்கு இரும்புத் தூண்களைத் தரைக்குள் அடித்து இறக்கும் பைலிங் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஜாலான் ஸ்காட் வீடுகளின் ஜன்னல்கள் அதிர்ந்தன. சந்திரகலா கேட்டுக்கு வெளியே, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கையில் சின்னப் பர்ஸ். அதற்குள் என்ன இருக்கும் என்று சீதாலெட்சுமிக்குத் தெரியும்.

உமையாள்தான் வந்து கேட்டைத் திறந்து அவர்கள் இருவரை மட்டும் விட்டாள். ஆச்சி கூடத்தில் இருந்தாள். பின்னால் அறையில், திரைக்கு அந்தப் பக்கம், கட்டில் கால் மட்டும் தெரிந்தது. பைலிங் இடி விழும்போதெல்லாம் கட்டில் ஒருமுறை துள்ளி அடங்கியது. சத்தத்துக்குப் படுத்திருப்பவன் உடம்பு தூக்கிப் போடுகிறது என்று புரிய சீதாலெட்சுமிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“பேரு கிடைச்சுதா?” என்றாள் ஆச்சி. வாங்க, உட்காருங்க ஒன்றும் இல்லை.

“கிடைச்சுது ஆச்சி. உங்க மருமக இல்ல. அவங்க அப்பா கொட்டகையும் இல்ல. நானே போய்ப் பார்த்துட்டேன். லண்டன்ல ஒரு ஹோட்டல். சூப்புன்னு கொடுத்திருக்கான். என்ன போட்டதுன்னு தம்பிக்குத் தெரியாது. யாரு மேலயும் குத்தம் இல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். வேலாயுதத்துக்கு அது இல்லை. முப்பது வருஷம் அடுத்தவன் பொய்யைப் பிடித்தவருக்குத் தன் பொய்யைச் சொல்ல வரவில்லை.

“எந்த ஹோட்டலு? எந்த வருஷம்?”

“எண்பத்தேழு, எட்டு இருக்கும்.”

“எண்பத்தேழுல நான் அங்க இருந்தேன். அவன் வெளியில பச்சத் தண்ணி குடிக்கல. பரீட்சை எழுதினான், அந்த மாசமே என்கூடக் கப்பல் மாதிரி இருந்த ப்ளேன்ல ஏறி வந்துட்டான். அதுக்கு முந்தி மூணு வருஷம், எழுதின கடுதாசியிலெல்லாம் ரொட்டியும் பருப்பும்தான். என் பிள்ளை ஹோட்டல்ல சூப்புக் குடிச்சானா? தம்பி, பெத்தவகிட்டப் பொய் சொல்லாதீங்க. பேரு இருந்தா சொல்லுங்க. பேரு இல்லேன்னா கதவும் இல்ல.”

“ஆச்சி...”

“போயிட்டு வாங்க. அவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. தெருவுல நின்னு என் மானத்தை வாங்குறா.”

சீதாலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். கேட்டுக் கம்பிகளில் சந்திரகலாவின் விரல்கள் தெரிந்தன. மறுபடி இடி விழுந்தது. உள்ளே கட்டில் துள்ளியது. கம்பிகளைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தன் வாயால் அடுத்தவரைக் கெடுக்கும் தவளையும் உண்டு.

“ஆச்சி,” என்றாள் சீதாலெட்சுமி. வேலாயுதம் அவளை முறைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. “நம்ம பாசார்ல ஆட்டு மூளை வாங்கினா எத்தனை பேருக்கு வரும்?”

“என்ன கேள்வி இது? ஒருத்தனுக்கே பத்தாது.”

“லண்டன்ல?”

ஆச்சியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. இருபத்து மூன்று நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“அங்க ஒண்ணு வாங்கினாப் போதும், சட்டி நிறைஞ்சுடும். எனக்கு இங்கிலீஷா தெரியும்? கடைக்குப் போய் இப்படி என் தலையைத் தொட்டுக் காட்டுவேன். அந்தத் தடி வெள்ளைக்காரன் சிரிச்சுக்கிட்டே உள்ள போய் எடுத்துட்டு வருவான். இத்தத் தண்டி இருக்கும். லண்டன் ஆடு பெரிய ஆடு.”

இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினாள். காட்டிய கைகள் அப்படியே நின்றன. நாற்பது வருஷம் சமைத்தவள். தன் இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். வெளியே இரண்டு இடி விழுந்தன.

“ஆடுதானே?” என்றாள்.

சீதாலெட்சுமி வேலாயுதத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லா வேகவச்சேனே. மஞ்சள் போட்டு, மொளகு போட்டு, ஒரு மணி நேரம் வேகவச்சேனே தம்பி.”

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே பதிலாகிவிட்டது.

ஆச்சி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கைகளை மெல்லக் கீழே இறக்கி, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள், யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பதைப் போல. பிறகு இடுப்புச் சாவியை எடுத்து உமையாளிடம் கொடுக்காமல் தானே நடந்து போய்க் கேட்டைத் திறந்தாள். சந்திரகலாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“போ ஆத்தா,” என்றாள். “உள்ள போ.”

ஆறு வருஷத்தில் அவள் மருமகளிடம் பேசிய முதல் வார்த்தை அது. சந்திரகலா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். திரை விலகியது. “என்னங்க, நான் வந்துட்டேன்,” என்ற குரல் கேட்டது. இரண்டு தரம், மூன்று தரம் கேட்டது. நாச்சியப்பன் விட்டத்து ஃபேனைப் பார்த்தபடி கிடந்தான். கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நகம்வெட்டியின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பைலிங் இடிக்கு நடுவில் கை துள்ளாத நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக வெட்டினாள்.

ஆச்சி அந்த அறைக்குள் போகவில்லை. கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், திடீரென்று திரும்பினாள். கண்கள் எதையோ தேடி, கடைசியில் உமையாளிடம் போய் நின்றன. சீதாலெட்சுமிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு ரிப்பன் சடை.

“உமையா, நீ சாப்பிடலையே? ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு உன்னையும் கூட்டிக்கிட்டுல்ல போனேன். உனக்கு அந்த வாசமே ஆகாதே. சொல்லு, நீ சாப்பிடலைதானே?”

உமையாள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“இல்ல ஆத்தா. ஒரே ஒரு தரம் ஊட்டிவிட்டீங்க. வாயில வச்சதும் குமட்டுச்சு, துப்பிட்டேன். அப்புறம் நீங்க எனக்குத் தரவே இல்ல.”

“துப்பிட்டியா?”

“துப்பிட்டேன் ஆத்தா.”

“ஆமா. ஆமா, துப்பிட்டே. அது ஆம்பளப்புள்ளைக்குன்னு எடுத்து வச்சுட்டேன்.” ஆச்சி தூணோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். “முருகா, ஒண்ணையாவது விட்டு வச்சியே.”

கார் வரைக்கும் உமையாள் கூடவே வந்தாள். புகையில் தெருக்கோடி தெரியவில்லை. வேலாயுதம் சாவியைத் தேடினார். சீதாலெட்சுமிக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிரு மா. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். நல்லவேளை, நீயாவது...”

“அண்ணனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது அக்கா,” என்றாள் உமையாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “ஆத்தா மனசு நோகக்கூடாதுன்னு ரெண்டு வாய் சாப்பிடுவான். ஆத்தா அந்தப் பக்கம் திரும்பினதும் தட்டை என்கிட்டத் தள்ளிடுவான். எனக்குத்தான் ரொம்பப் பிடிக்கும். சட்டியை வழிச்சுச் சாப்பிடுவேன். எல்லாச் சனிக்கிழமையும்.”

சீதாலெட்சுமி பிடித்த கையை விடவில்லை.

“அங்கிள், இதுக்கு டெஸ்ட் ஏதாவது இருக்கா?”

“இல்லம்மா,” என்றார் வேலாயுதம்.

“எத்தனை வருஷம்னு தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. வராமலும் போகலாம். பாலன் நல்லாத்தானே இருக்கார்.”

“அவரு மூளை சாப்பிடலையே,” என்றாள் உமையாள். “ஆத்தா தரலையே.”

இறந்த மாடுகளை அரைத்து உயிருள்ள மாடுகளுக்குப் போட்டவன் யார், எந்த ஊரில், எந்த ஆலையில் என்று தேடிப் போனாலும் அங்கே ஒரு பதில் இருக்கப் போவதில்லை. வேலாயுதம் காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

உமையாள் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

“ஆத்தாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க,” என்றாள். “நான் துப்பிட்டேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். சீதாலெட்சுமி காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி நின்று, அந்தப் பெண்ணின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல்படி வரைக்கும் பார்த்தாள். நேராகத்தான் நடந்தாள்.